பாத்துத் தரலாம்

1984 ஜூன் மாதம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "அதப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத, கேட்டியா?" என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லி ரயிலேற்றியிருந்தார். ஊர்க்காரர் ஒருவர் சொல்லிக் கிடைத்த இடம். நான் காசைப் பற்றிப் பேசினால் சொல்லிவிட்டவருக்குக் குறைச்சல். முதலாளி ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் நீட்டி, "உன் பேரையும் ஊரையும் எழுது பாப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே வந்துரு மக்களே. சம்பளமெல்லாம் பாத்துத் தரலாம்."

அன்றைக்கு அது வரம் கிடைத்த மாதிரிதான் இருந்தது. பி.காம். முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவனுக்கு வேறெப்படி இருக்கும்?

எங்கள் பக்கத்துப் பையன்களுக்குச் சாலை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் உண்டாக்கிய கடைத்தெரு அது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கிறது. அரிசி, வத்தல், மல்லி, பாத்திரம், பொன், தோவாளையிலிருந்து வருகிற பிச்சிப்பூ என்று திருவனந்தபுரத்தின் அடுப்புக்கும் சாமிக்கும் கல்யாணத்துக்கும் வேண்டியதெல்லாம் அங்கேதான். 'சாலைக் கம்போளம்' என்று இரண்டு பாஷையும் கலந்துதான் சொல்வோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் இருக்கிற தெரு.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. போராடி வாங்கியது அது, அதில் எனக்குக் குறையே கிடையாது. ஆனால் வேலை தேடுகிறவனுக்கு அந்தக் கோடு ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. எழுபது கிலோமீட்டரில் இருந்த தலைநகரம் அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது. அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்க்க மலையாளம் வேண்டும், நாங்கள் படித்ததோ தமிழ். எங்கள் தலைநகரம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். வளைகுடாவுக்குப் போக விசாவுக்குப் பணம் கட்ட வேண்டும். பரீட்சை எழுதாமலும் பணம் கட்டாமலும் நுழையக்கூடிய வாசல் சாலை ஒன்றுதான். 1979-இல் நாகர்கோவிலுக்கு ரயில் வந்த பிறகு அந்த வாசல் இன்னும் பக்கத்தில் வந்தது. "சும்மா இருக்கதுக்குச் சாலையில போயி என்னமாவது பாருடே" என்று எங்கள் ஊரில் சொல்லாத பெரியவர் இல்லை. அந்த 'சும்மா இருக்கதுக்கு' என்பதில்தான் எங்கள் விலை ஏற்கெனவே பாதியாகியிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாசக் கடைசியில் முதலாளி கல்லாப்பெட்டியிலிருந்து 250 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ரயில் சீசன் டிக்கெட், மத்தியானச் சாப்பாடு, டீ போக வீட்டுக்கு எடுத்துப்போனது பாதிதான் இருக்கும்.

கணக்கு வேலை தெரிந்தவர்களுக்கு நாள்வழி, பேரேடு இரண்டும் தெரிந்திருக்கும். அன்றாட வரவு செலவை நாள்வழியில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். சிவப்புத் துணி போட்டுத் தைத்த கனத்த புஸ்தகம். ஒவ்வொரு சில்லறைக் கடைக்காரருக்கும் ஒரு பக்கம், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. சேர்ந்த எட்டாம் மாதம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நாற்பது ரூபாய் முன்பணம் கேட்டேன். முதலாளி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, "உன் பேருக்கும் ஒரு பக்கம் போட்டுக்கோ" என்றார். கடன்காரக் கடைகளுக்கு நடுவில், ஒரு தாளின் தலைப்பில் என் பெயரை நானே எழுதினேன். அவர் மெச்சிய அதே கையெழுத்து. பற்று 40.

அக்கா கல்யாணத்துக்கு 3,000 ரூபாய் தந்தார். வீடு தேடி வந்து, அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா அழுதாள். மறுநாள் பேரேட்டில் எழுதும்போது மை காய்வதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. மாசம் 50 ரூபாய் வீதம் கழித்தால் 60 மாசம். ஐந்து வருஷத்துக்கு நான் எங்கும் போக முடியாது. வேறு இடம் பார்ப்பதை விடுங்கள், சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவே முடியாது. கடன்பட்ட வாய் எப்படிக் கேட்கும்?

முதலாளி நல்லவர். இதை மனசார எழுதுகிறேன். மழைக்காலத்தில் ரயில் நின்றுபோனால் அவர் வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுத் தருவார். எனக்கு மஞ்சக்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்து அனுப்பினார்கள் அவர் வீட்டம்மா. வியாபாரத்தின் கஷ்டமும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதியவன் நான். வத்தல் மூட்டைக்கு நிற்பது எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் நான் அங்கே இருந்த பதினொரு வருஷத்தில் பின்பக்கம் ஒரு கிட்டங்கி வாங்கினார், மணக்காட்டில் வீடு கட்டினார். அதையும் நான்தான் எழுதினேன். என் சம்பளம் 250-இலிருந்து 700-க்கு வந்து நின்றது. ஒவ்வொரு ஓணத்துக்கும் பார்த்துத்தான் தந்தார். பார்த்தவர் அவர். நான் காட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் கடை வாசலிலேயே இருந்தார்கள். மூட்டை இறக்குகிற அட்டிமறிக்காரர்கள். விடிகாலையில் லாரி வந்து நிற்கும். தோர்த்தை முறுக்கிச் சுருட்டித் தலையில் சும்மாடு வைப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவர் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்து வருவார். என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்த மாடிக்கு என்று பார்த்து, மூட்டைக்கு இத்தனை என்று கூலியைச் சத்தமாகச் சொல்வார். முதலாளி பேரம் பேசுவார். தீர்ந்த பிறகுதான் முதல் மூட்டை இறங்கும். ஒரு நாளும் 'பாத்துத் தரலாம்' என்று அவர்களிடம் முதலாளி சொன்னதில்லை. சொன்னால் லாரி அப்படியே நிற்கும். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. 1978-ஆம் வருஷத்துச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருந்தது, அதன்படி வந்த நல வாரியம் இருந்தது.

ஒரு நாள் டீக்கடையில் அவர்களில் வயசான ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாரே, மாசம் எத்ர கிட்டும்?"

என்னைச் 'சாரே' என்று கூப்பிடுகிறவர். என் வெள்ளைச் சட்டைக்கும் பேனாவுக்கும் கொடுத்த மரியாதை. "நானூறு" என்றேன். பொய். அப்போது எனக்கு 300. அந்த நானூறையே அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் அதைச் சம்பாதித்துவிடுவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்.

அந்தச் சங்கங்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். தூக்காத சுமைக்கு, நின்று பார்த்ததற்காக மட்டும் கூலி கேட்ட 'நோக்குகூலி' அநியாயம். 2018 மே 1 முதல் அரசே அதை ஒழித்து உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனாலும் அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. சுமையைத் தொடுவதற்கு முன்னால் தொகையைச் சொல்லிவிட வேண்டும். அதைப் படிப்பு எனக்குச் சொல்லித் தரவில்லை, மாறாக மறைத்துவிட்டது. கூலி என்றால் கேட்கலாம், சம்பளம் என்றால் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று எந்தப் புத்தியில் நாங்கள் நினைத்தோமோ!

சாலையில் கடை வைத்திருந்தபடியே அந்தத் தெருவை எழுதியவர் ஆ. மாதவன். 2015-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார், 2021-இல் காலமானார். அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' தொகுப்பை அந்த நாட்களில்தான் படித்தேன். வயிற்றுப்பாட்டுக்காக அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிற மனிதர்களை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இவர்களுக்கெல்லாம் பசி எத்தனை வெளிப்படையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பசியை நாங்கள் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தோம்.

1995-இல் பற்று முழுக்கத் தீர்ந்தது. நாகர்கோவிலுக்கே திரும்பி வந்து, வரிக்கணக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அக்காவின் மகன் அதே ரயிலில் ஏறினான். எந்த அக்காவின் கல்யாணத்துக்காக ஐந்து வருஷம் கழித்தேனோ அவளுடைய கடைசிப் பிள்ளை. எம்.காம்., டேலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தானே போடுவான். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-இலிருந்து இருக்கிறது, ஆனால் அது இவன் படிப்புக்குத் திறக்கிற கதவு இல்லை. வங்கித் தேர்வு மூன்று தடவை எழுதிவிட்டான். கடைசியில் சாலைதான். ஒரு மொத்த வியாபாரக் கடையில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "அடுத்த வாரம் வந்து சேரு, சம்பளமெல்லாம் பாத்துத் தரலாம்" என்றார்களாம்.

அவன் போனில் இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுபோனது. நாற்பது வருஷம் கழித்து, எழுத்து மாறாமல் அதே வாக்கியம்.

ஆனால் அவன் நானில்லை. "எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்கிறான். "மொதல்ல வேலையப் பாருப்பா" என்றிருக்கிறார்கள். மறுபடியும் கேட்டிருக்கிறான். 12,000 என்று வந்தது. போனை எடுத்து 26-ஆல் வகுத்துப் பார்த்தானாம். நாளைக்கு 461 ரூபாய்.

"மாமா, எங்க தெருவுல கொத்தனாருக்குக் கையாளாப் போறவன் இதவிடக் கூட வாங்குறான்."

அவன் சொன்னது ஏதோ வயிற்றெரிச்சலில் வந்த பேச்சு இல்லை. ரிசர்வ் வங்கி வருஷாவருஷம் போடுகிற புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23-க்கு, கேரளத்துக் கிராமங்களில் கட்டட வேலைக்குப் போகிற ஆணின் நாள்கூலி சராசரி 852 ரூபாய். இந்தியாவுக்கே அதுதான் மிக அதிகம், தேசச் சராசரி 393 தான். இந்தக் கூலிக்காகத்தான் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வருகிறது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் இருப்பார்கள் என்று 2013-லேயே குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அதே கேரளத்தில், 2023-24-இல் மத்திய அரசு எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயது வரை வேலையில் இருக்கிற அல்லது வேலை தேடுகிற இளைஞர்களில் 29.9 சதவீதம் பேருக்கு வேலையில்லை. பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாலையில் நடப்பது விளங்கிவிடும். கைவேலைக்கு ஆள் இல்லை, அதனால் கூலி ஏறுகிறது. மேஜை வேலைக்கு ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள், அதனால் 'பாத்துத் தரலாம்' என்று சொல்ல முடிகிறது. 'வேண்டாம்னா போ, அடுத்தவன் வருவான்' என்பதைத்தான் நல்ல வார்த்தையில் அப்படிச் சொல்கிறார்கள்.

துணிக்கடைகளில் நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதற்கே கேரளத்தில் 2018-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. தமிழ்நாட்டில் அது 2021-இல்தான் வந்தது. உட்காருவதற்கே இத்தனை பாடு என்றால், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

மருமகன் அந்த வேலையில் சேரவில்லை. சிறிய கடைகள் நாலைந்துக்கு மாசாமாசம் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறான். கடைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறான். எல்லாம் சேர்த்தும் 12,000 இன்னும் தேறவில்லை. அக்காவுக்குக் கவலை. "பேசாம அங்கயே சேந்திருக்கலாம், நல்ல மனுசங்கன்னுல்லா சொல்லுதாங்க" என்கிறாள். நல்ல மனுஷர்கள்தான், எனக்கும் தெரியும். நல்ல மனுஷரிடம் பதினொரு வருஷம் இருந்தவன் நான். நீ செய்ததுதான் சரி என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கச் சாலைக்குப் போனேன். கிழக்கேகோட்டையிலிருந்து ஆரியசாலை வரைக்கும் நடந்ததில் எட்டுக் கடைகளில் 'ஆள் தேவை' அட்டை தொங்கியது. மேலே மலையாளம், கீழே தமிழ். வயசு எழுதியிருந்தது. ஆணா பெண்ணா என்று எழுதியிருந்தது. முன் அனுபவம், போன் நம்பர், எத்தனை மணிக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது, எல்லாம் எழுதியிருந்தது. ஒன்றில்கூடத் தொகை இல்லை.

சாலை முதலாளிமார்களே, உங்கள் உப்பைத் தின்றவன் கேட்கிறேன். ஒவ்வொரு அரிசிச் சாக்கின் மேலும் ஒரு அட்டையைக் குத்திக் கிலோ விலை எழுதி வைக்கிறீர்கள். அந்த 'ஆள் தேவை' அட்டையிலும் மாசம் எத்ர என்று எழுதிவிடுங்கள். தொகை குறைவாக இருந்தாலும் எழுதுங்கள். கட்டுபடியாகிறவன் உள்ளே வருவான். ஆகாதவன் அடுத்த கடைக்கு நடப்பான், ஏழரை மணி ரயிலுக்கு அவனுக்கு நேரமாவது மிஞ்சும்.