மிளகாய் நடும் காலம்



குளிர் நாடுகளில் மிளகாய் பயிரிடுவோர் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்கின்றனர். கடைசி உறைபனி விழும் நாள் அது. அதற்கு ஏறத்தாழ 8 வாரங்களுக்கு முன் வீட்டினுள் விதையிட்டு, பனி நீங்கியபின் நாற்றை வெளியே நடுகின்றனர். நீலகிரியில் உதகைப் பக்கத்திலும் மார்கழி, தை இரவுகளில் உறைபனி படிவதுண்டு. வெப்பநாட்டுப் பயிராகிய மிளகாய் அதனைத் தாங்காது.

புக்கிட் ரோத்தானில் உறைபனி ஏது? எந்நாளிலும் நடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். நடலாம்தான்; பறிக்க வேண்டுமே! நமக்கு உறைபனியின் இடத்தில் நிற்பது அக்டோபர், நவம்பர் மழை. அம்மழை தெறிக்கும்போது பழ அழுகல் நோய் காய்க்குக் காய் பரவுகிறது. நம் கடலோரக் களிமண்ணில் நீர் தேங்கி வேரும் அழுகுகிறது.

தாயகத்திலிருந்து வந்த நம் முன்னோர் ஆடிப்பட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர். அஃது அந்நாட்டு மழைக்கு அமைந்த கணக்கு. நம் மாணவன் ஒருவனின் தாயார், செம்பனைத் தோட்ட வேலை முடிந்து வந்து, ஆடிப் பதினெட்டன்று விதையிட்டார். செடிகள் கண்ணுக்கு நிறைவாய் வளர்ந்தன. காய் சிவக்கும் வேளையில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கூடைகூட நிறையவில்லை. பிள்ளைகளின் சீருடைக்கென்று அவர் எண்ணியிருந்த பணம் அது. உழைப்பில் குறையேதுமில்லை; மாதம்தான் பகையாயிற்று.

தமிழகத்திலும் எல்லா ஊருக்கும் ஆடி பொருந்துவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரத்து முண்டு மிளகாய், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. மழை ஓய்ந்த தை, மாசியில் பறிக்கப்படுகிறது. செடிக்கு மழை, பழத்திற்கு வெயில்.

நாம் அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். விதைத்து 5 வாரத்தில் நாற்று ஆயத்தமாகும். நட்டபின் பழுக்க ஏறத்தாழ 80 நாள். மே முதல் வாரம் விதைத்தால் ஜூன் தொடக்கத்தில் நடவு, ஆகஸ்டு இறுதியில் முதற்பறிப்பு. பெருமழைக்குமுன் ஐந்தாறு முறை பறித்துவிடலாம். மே மாத மழை முற்றும் ஓயாதாகையால் நாற்றுத் தட்டுகளைக் கூரையின்கீழ் வைத்தல் நன்று. பாத்தியை ஓர் அடியேனும் உயர்த்துக. ஜூன், ஜூலையில் மழை குறைவு, நீரூற்ற வேண்டும். அவ்வறட்சியில் இலைப்பேன் வந்து இலை சுருளும். இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் பார்த்தல் சிறுவர் கண்ணுக்கு ஏற்ற வேலை.

பிளாஸ்டிக் கூரையின்கீழ்ப் பைகளில் உரநீர் சொட்டவிட்டு ஆண்டு முழுதும் விளைவிப்போரும் இன்று உளர். அதற்குப் பெருமுதல் வேண்டும். வீட்டின் பின்புறத்திற்கு ஒரு மண்வெட்டி போதும்.

பள்ளித் தோட்டத்தில் மே முதல் வாரம் விதையிடுகின்றோம். நாற்று வேண்டும் பெற்றோர், ஜூன் தொடக்கத்தில் அடியில் துளையிட்ட காலிப் பால் டின்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். வீட்டிற்குப் பத்து நாற்றுகள் தரப்படும்.