குளத்தங்கரைக் கறுப்புப் பந்து

தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கினால் ஊருக்கே கொண்டாட்டம். எங்கள் தொழுவத்தில் மட்டும் மாடுகள் காலை உதைத்து, வாலைச் சுழற்றித் தவிக்கும். சாரலுக்குப் பின்னாலேயே மாட்டு ஈ வந்துவிடும்.

கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாமா லீவுக்கு வந்தபோது குளத்தங்கரையில் ஒரு பொறி வைத்தார். மூன்று கம்பு, கூம்பாகத் தைத்த கொசுவலை, உச்சியில் பாட்டில். வலைக்குக் கீழே கறுப்பு பெயின்ட் அடித்த பந்து காற்றில் ஆடும். வெயிலில் பந்து சூடேற, ஈ அதை மாடென்று நம்பி வந்து சுற்றும். ரத்தம் கிடைக்காமல் வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறிப் பாட்டிலில் மாட்டிக்கொள்ளும். 1960களில் கனடாவின் மனிடோபாவில் உருவான உத்தி இது.

மாமா காலேஜுக்குத் திரும்பியதும் பாட்டிலை இறக்கி எண்ணி நோட்டில் எழுதுவது என் பொறுப்பானது. முதுகில் வெளிர்க்கோடு ஓடும் டபானஸ் ஸ்ட்ரையேட்டஸ் வகையை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தார். வெள்ளைத் தாளில் கொட்டிக் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டு கண்ணும் ஒட்டியிருந்தால் ஆண். நடுவே கீற்றாய் இடைவெளி இருந்தால் பெண். விழுந்ததெல்லாம் பெண்தான்.

"ஆம்பளை தேனைக் குடிச்சிட்டுக் கெடக்கும் மருமவனே. பொம்பளைக்குத்தான் முட்டை வைக்க ரத்தம் வேணும்" என்பார் மாமா.

பங்குனி, சித்திரையில் நோட்டு முழுக்க சைபர். சாரலில் எண்ணிக்கை ஏறும். ஐப்பசி மழைக்குப் பிறகு தாள் கொள்ளாது. அடுத்த லீவில் மாமா கரைச் சேற்றைக் கிளறி, இரண்டு முனையும் கூரான வெளிறிய புழு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஈரச் சேற்றில் மற்ற புழு பூச்சிகளைத் தின்று மாதக்கணக்கில் வளருமாம். நோட்டில் ஏறி இறங்கிய கணக்கு எனக்கு அங்கேதான் விளங்கியது.

இந்த ஈ கத்தரிபோல் தோலைக் கீறி, ஊறும் ரத்தத்தை உறிஞ்சும். வலி பொறுக்காத மாடு விரட்ட, பாதியில் எழுந்து அடுத்த மாட்டில் உட்காரும். வாயின் ஈரம் காய்வதற்குள் சர்ரா என்ற கால்நடை நோயின் கிருமி இடம் மாறிவிடும். 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ், குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டறிந்த அதே கிருமி. என் நோட்டைப் பார்த்த பிறகு, மழைக்காலம் முடியும்வரை உச்சிவெயிலில் குளத்துப் பக்கம் மாடு பத்துவதை அப்பா நிறுத்தினார்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மழைக்குப் பிந்திய மாதங்களில் மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, நின்ற இடத்திலேயே வட்டமடித்தாலோ, உடனே மருத்துவரிடம் காட்டி ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சர்ராவுக்கு மருந்து இருக்கிறது.