ஊர் திரும்பிய கழகம்

லண்டன் ரூட்டிங் கடைத்தெருவில் ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்குகிற எங்கள் ஆட்களில் பலருக்கு, அங்கிருந்து அரை மணி நேர நடைக்குள் ஒரு உதைபந்தாட்ட மைதானம் இருப்பது தெரியாது. தெரிந்தவர்களிலும் உள்ளே போனவர்கள் குறைவு. ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைட்டட் என்று கட்சி பிரிந்து தொலைக்காட்சிக்கு முன்னால் சண்டை பிடிக்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கழகத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதன் பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். விம்பிள்டன் என்றதும் உலகத்துக்கு ரெனிஸ்தான் நினைவுக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது பிளவ் லேன் மைதானமும், நீலமும் மஞ்சளும் அணிந்து அங்கே கூடுகிற சனமும்தான்.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் அடுக்கடுக்கானது. உச்சியில் 20 கழகங்களின் பிறிமியர் லீக். அதற்குக் கீழே மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள். ஆக மொத்தம் 92. அதற்கும் கீழே, பகலில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டு ஆடுகிறவர்களின் கழகங்கள் ஊருக்கு ஊர் உண்டு. வென்றவர் மேலே ஏறலாம். தோற்றவர் இறங்கத்தான் வேண்டும். விம்பிள்டன் 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சால் அணியை 1–0 என வென்று நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு ஏறியது.

கீழ் அடுக்குகளின் சின்னக் கழகங்களைக் காக்க ஒரு விதியும் உண்டு. பருவகாலத்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 தொடக்கம் 5.15 வரை பிரித்தானியத் தொலைக்காட்சிகள் எந்த உதைபந்தாட்டப் போட்டியையும் நேரடியாகக் காட்டக் கூடாது. 1960களிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. பேர்ன்லி கழகத்தின் தலைவராயிருந்த பொப் லோர்ட் பிடிவாதமாக நின்று இதைக் கொண்டுவந்தார். பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டிலிருந்து பார்க்க முடிந்தால் சின்ன ஊர்க் கழகத்துக்கு யார் ரிக்கெற் வாங்குவார்கள் என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி இன்றைக்கும் சரியானதுதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணத்து மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். இளமையில் ஊர்க் கழகத்துக்குப் பின்வரிசையில் ஆடியவர். ரூட்டிங்கிலிருந்து கரட் லேன் வழியாக நடந்து இடப்பக்கம் திரும்பினால் பிளவ் லேன். திரும்பிய உடனேயே கூட்டம் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டது. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்த தாத்தா, கழுத்தில் நீல மஞ்சள் சால்வை சுற்றிய பெண்கள், வேலை உடுப்போடு வந்த இளைஞர்கள். மைதானம் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. கிட்டப் போகும்வரை தெரியாது. சுமார் 9,000 பேர்தான் கொள்ளும். உள்ளே போனால் புல்தரை மிகவும் கிட்ட இருக்கிறது. ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கூப்பிடுவதும், நடுவர் ஏசுவதும், பந்து நெற்றியில் படுகிற சத்தமும் காதில் விழும். தொலைக்காட்சியில் வராதவை இவை.

இந்தக் கழகத்தின் கதை தெரிந்தால்தான் அங்கே கூடுகிற சனத்தின் முகம் விளங்கும். 1889இல் விம்பிள்டன் பொதுவெளியில் பாடசாலைப் பழைய மாணவர்கள் தொடங்கிய அணி அது. 1912இல் பிளவ் லேனுக்கு வந்தது. 1963இல் அமெச்சூர் கிண்ண இறுதிப் போட்டியில் எடி ரெனால்ட்ஸ் நான்கு கோல்களையும் தலையால் முட்டியே போட்டு சட்டன் யுனைட்டட் அணியை 4–2 எனத் தோற்கடித்தார். 1977இல்தான் 92 கழகங்களின் லீக் அமைப்புக்குள் இடம் கிடைத்தது. ஒன்பதே ஆண்டுகளில் அன்றைய உச்சியான முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். 1988இல் வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டி, எதிரே லிவர்பூல். லோரி சான்செஸ் தலையால் ஒரு கோல் போட்டார். ஜோன் ஓல்ட்ரிட்ஜ் அடித்த தண்ட உதையை டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிகளில் தடுக்கப்பட்ட முதல் தண்ட உதை அதுதான். கிண்ணம் தென்மேற்கு லண்டனின் சின்னக் கழகத்துக்கு வந்தது.

மூன்று ஆண்டுகளில் மைதானம் போயிற்று. 1989இன் ஹில்ஸ்பரோ அனர்த்தத்துக்குப் பிறகு பெரிய கழகங்களின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று விதி வந்தது. பழைய பிளவ் லேன் அதற்குத் தோதுப்படாது என்று உரிமையாளர் முடிவெடுத்தார். 1991இல் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானத்துக்கு வாடகைக் குடியாகப் போனார்கள். பழைய மைதானம் சுப்பர் மார்க்கட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். ரெனால்ட்ஸின் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு அந்த வாடகை வீட்டிலும் நிலைக்கவில்லை. உரிமையாளர்கள் கழகத்தை வடக்கே சுமார் 90 கிலோமீற்றர் தள்ளி மில்ற்றன் கீன்ஸ் என்ற புது நகரத்துக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். 2002 மே 28ஆம் திகதி, உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் குழு அதற்குச் சம்மதித்தது. ஊரில் ஆதரவாளர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு தன் அறிக்கையில் எழுதியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அந்த வாசகத்தை வாசிக்க எனக்குக் கோபம் வருகிறது. ஒரு ஊரின் நலன் எது என்று அந்த ஊரைக் கேட்காமல் தீர்மானித்தவர்களின் வாசகம் அது.

ஆதரவாளர்கள் அந்தக் குழுவின் பேச்சைக் கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே புதுக் கழகம் தொடங்கினார்கள். யூனில் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். முதல் சினேகபூர்வப் போட்டி யூலை 10ஆம் திகதி சட்டனில். 4–0 எனத் தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஒன்பதாம் அடுக்கில், கிங்ஸ்ரன் பக்கத்து கிங்ஸ்மெடோ மைதானத்தில் இருந்து ஏறத் தொடங்கினார்கள். 2003 பெப்ரவரி தொடக்கம் 2004 டிசெம்பர் வரை 78 லீக் போட்டிகளில் தோல்வியே இல்லை. 2011இல் லூற்றன் அணியைத் தண்ட உதைகளில் வென்று மீண்டும் 92க்குள் நுழைந்தார்கள். பிறந்து ஒன்பதே ஆண்டுகள். கழகத்தின் பெரும்பான்மை உரிமை இன்றும் ஆதரவாளர்களின் டோன்ஸ் ட்ரஸ்ட் அமைப்பிடம்தான். அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு.

ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் ஒருநாளும் விடவில்லை. பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நாய் ஓட்டப் பந்தய அரங்கு இருந்தது. 2017இல் அது மூடப்பட்ட பின் அந்தக் காணியில் புது மைதானம் எழுந்தது. கடைசிக் கட்டத்தில் பணம் போதாமல் போனபோது ஆதரவாளர்கள் கடன் பத்திரம் வாங்கி 50 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். 2020 நவம்பர் 3ஆம் திகதி டொன்காஸ்ரர் அணியோடு முதல் ஆட்டம், 2–2. கொரோனாக் காலம் என்பதால் பார்வையாளர் ஒருவருமில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள், அந்த நாளிலும் வாசலுக்கு வெளியேதான்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். பருவகால ரிக்கெற் வைத்திருப்பவர். எங்கள் இருவரையும் பார்த்தவுடன், அண்ணைக்கு இதுதான் முதல் தடவை என்று கண்டுபிடித்துவிட்டார். உடனே 1975க்குப் போய்விட்டார். லீக் அமைப்புக்கு வெளியே இருந்த விம்பிள்டன் அந்த ஆண்டு எஃப்.ஏ. கிண்ணத்தில் லீட்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 0–0 எனத் தடுத்து நிறுத்தியது. பீற்றர் லோரிமரின் தண்ட உதையை டிக்கி கை என்ற கோல் காப்பாளர் பிடித்தார். அதே டிக்கி கை பின்னாளில் புதுக் கழகத்தின் கௌரவத் தலைவராக இருந்தார். அதை அந்த அம்மா தன் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆட்டம் அழகானது என்று சொல்லமாட்டேன். பந்து அடிக்கடி வானத்தில் இருந்தது. முதல் பாதியில் வந்திருந்த வடக்கத்தைய அணி ஒரு மூலை உதையில் கோல் போட்டது. அதற்குப் பிறகு சனம் சத்தத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. எங்கள் பக்கத்து இடது பின்வரிசைக்காரப் பெடியன் மூன்று முறை பந்தைத் தவறவிட்டான். மூன்றாம் முறை அவனைத் திட்டுவார்கள் என்று பார்த்திருந்தேன். ஆனால் பின்னாலிருந்த ஒருவர் அவனுடைய முதற்பெயரைச் சொல்லித் தைரியம் சொன்னார். அவனும் திரும்பிக் கையை உயர்த்தினான். இரண்டாம் பாதியில் அதே பெடியன் கோட்டோரமாக ஓடி உள்ளே அனுப்பிய பந்துதான் சமநிலைக் கோலாயிற்று. எல்லாரும் எழும்பியபோது அந்த அம்மா அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். 1–1. அதோடு முடிந்தது.

முன்னதாக, இடைவேளையில் சூடான ‘பை’ பலகாரமும் தேத்தண்ணியுமாக நின்றபோது, இவர்கள் எத்தனை வருஷம் வெளியே இருந்தார்கள் என்று அண்ணை கேட்டார். சொன்னேன்.

“எங்களுக்கு இருபத்தேழு,” என்றார். “தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை வெளிக்கிட்டனாங்கள். துறைமுகத்தை ஆமி விட்டது பதினேழாம் ஆண்டு. ஆனால் ஒண்டு தம்பி, அகதி முகாமிலை இருந்துகொண்டும் மயிலிட்டி எண்டு பேர் குடுத்துத்தான் நாங்கள் பந்தடிச்சனாங்கள். வேறை ஊர்ப் பேரிலை இறங்கேல்லை.”

போரையும் வியாபாரத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. இங்கே ஒருவரும் குண்டுக்குப் பயந்து ஓடவில்லை, வீடு இழக்கவில்லை. ஆனாலும் அண்ணை சொன்னதை அந்த மைதானத்தில் நின்ற எவருக்கும் விளக்கவேண்டி வந்திருக்காது. நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங்ஹென்றீசியன், ஊரெழு றோயல் என்று எங்கள் கழகங்களுக்கு முன்னால் ஊர்தான் நிற்கிறது. ஆட்டக்காரர் மாறுவார், சீருடை மாறும், ஊர் மாறாது.

கழகத்தை ஒரு சொத்தாக மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் வேறு சாட்சியும் உண்டு. 1885இல் தொடங்கி, எஃப்.ஏ. கிண்ணத்தை 1900இலும் 1903இலும் வென்ற பெரி கழகம், பணக் குழப்பத்தால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு 2025 யூலையில்தான் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. ஒரு கழகத்தின் மைதானத்தை விற்பதற்கோ இடம் மாற்றுவதற்கோ இனிச் சுயாதீன ஒழுங்குபடுத்துநரின் அனுமதி வேண்டும். 2002இல் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் விம்பிள்டன் ஊரை விட்டுப் போயிருக்காது என்பது என் எண்ணம்.

கழகமும் தன் ஊருக்குக் கடமைப்பட்டது என்பதை இவர்கள் மறக்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஆதரவாளர்கள் குழுவாகச் சேர்ந்து சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2024 செப்ரெம்பரில் அடைமழைக்குப் பக்கத்து வாண்டில் ஆறு பெருகி ஆட்டத் தரையில் பெரும் குழி விழுந்தபோது, திருத்த வேலைக்கு 100,000 பவுணுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அந்தப் பணத்தில் அப்போதைய எதிரணியான நியூகாசிலின் பங்கும் இருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடும் முதல் தமிழர் என்று பேசப்படும் விமல் யோகநாதனை நாம் கண்டது பிறிமியர் லீக்கில் அல்ல. மூன்றாம் அடுக்கின் பார்ன்ஸ்லி அணியில்தான். வடக்கு வேல்ஸின் சிறு கிராமமொன்றில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2024 ஆகஸ்டில் முதலணிக்காகக் களமிறங்கினார். கோடையில் பழைய மாணவர் சங்கங்கள் நடத்துகிற சுற்றுப்போட்டிகளில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு எட்டுகிற முதல் ஏணிப்படி பெரிய மைதானங்களில் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கழகங்களில்தான் இருக்கிறது.

ஆகவே லண்டன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தென்மேற்கில் இருக்கிறவர்களுக்கு பிளவ் லேன் இருக்கிறது. எட்ஜ்வேர், ஹரோ பக்கத்தவர்களுக்கு ஹைவ் மைதானத்தில் ஆடும் பார்னெட். கிழக்கே லேட்டன் ஓரியன்ற். தெற்கே சட்டன் யுனைட்டட். பிறிமியர் லீக் ரிக்கெற் ஒன்றுக்குக் கொடுக்கிற காசில், பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, உங்கள் ஊர்க் கழகத்தின் அடுத்த ஆட்டத்துக்கு நீங்களும் போங்கள். முடிந்தால் அங்கத்தவராகச் சேர்ந்து, சந்தாவையும் தவறாமல் கட்டுங்கள்.