மாவுன்னு பேரு வச்ச ஊரு

தெற்கு ஆஸ்திரேலியாவுல ஃபரினான்னு ஒரு ஊரு. இப்ப அங்க இடிஞ்ச கல் சுவருங்கதான் நிக்குது. லத்தீன்ல ஃபரினான்னா மாவு. கோதுமை விளைஞ்சு கொட்டும்ங்கிற நம்பிக்கையில 1878-ல வச்ச பேரு.

இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 1864, 65-ல அந்தப் பக்கம் கடும் வறட்சி. நில அளவைத் துறைத் தலைவரா இருந்த ஜார்ஜ் காய்டரை அரசாங்கம் அனுப்பி, வறட்சி எதுவரைக்கும்னு பார்த்துட்டு வரச் சொல்லுச்சு. மனுசன் குதிரையில ஆயிரக்கணக்கான மைல் சுத்தினாரு. மழைக்கணக்கு பெருசா கையில இல்ல. செடியைப் பார்த்தாரு. தைலமரப் புதர் முடிஞ்சு, சால்ட்புஷ்னு சொல்ற உப்புச்செடி ஆரம்பிக்கிற இடமா பார்த்து ஒரு கோடு போட்டாரு. கோட்டுக்குத் தெக்க உழலாம், வடக்க ஆடு மாடு மேய்க்க மட்டும்தான் ஆகும்னு சொல்லிட்டாரு.

அப்புறம் சில வருஷம் நல்ல மழை. காய்டர் சொன்னது தப்புன்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. ஏர் போற இடத்துக்கு மழை பின்னாலயே வரும்னு ஒரு பேச்சு வேற. 1874-ல அரசாங்கமும் சட்டத்தை மாத்தி, கோட்டைத் தாண்டி உழ நிலம் கொடுத்துச்சு. ஜனங்க குடும்பத்தோட போய் கல்லுவீடு கட்டினாங்க. 1880-கள்ல மழை பொய்ச்சுது. வீட்டை அப்படியே போட்டுட்டு நிறையப் பேரு திரும்பிட்டாங்க.

ஃபரினா அந்தக் கோட்டுக்கு ரொம்ப வடக்க. கோதுமை கைகொடுக்கல. 1882-ல ரயில் வந்ததால ஊரு பிழைச்சுது. ஆப்கானியர்னு அழைக்கப்பட்டவங்க ஒட்டகத்துல சரக்கு ஏத்திட்டுப் போனாங்க. பள்ளிக்கூடம், ஹோட்டல், ரொட்டிக்கடை எல்லாம் இருந்துச்சு. 1884-ல தண்டவாளம் இன்னும் வடக்க மாரீ வரைக்கும் போயிடுச்சு. போகப்போக ஊரு காலியாச்சு.

இப்ப குளிர்காலத்துல தன்னார்வலருங்க வந்து, தரைக்கு அடியில இருக்கிற அந்தப் பழைய அடுப்புல ரொட்டி சுடறாங்க. மாவு மட்டும் வெளியூருலருந்து வரணும்.

காய்டர் கோட்டை இன்னைக்கும் அங்க விவசாயிங்க மதிக்கிறாங்க. செடியைப் பார்த்து மண்ணைச் சொல்றது நமக்கும் தெரிஞ்ச வித்தைதான். ஆனா ரெண்டு வருஷம் நல்லா பெஞ்சுட்டா அதை மறந்துடறோம். நிலம் வாங்கப் போறவங்க, மழை பெஞ்ச கையோட போய்ப் பார்க்காதீங்க. நல்லா காய்ஞ்ச வருஷத்துல போய், அங்க என்ன செடி தாக்குப்பிடிச்சு நிக்குதுன்னு பாருங்க.