சீலோவாம் கோபுரமும் கல்முனைக் கடலும்

அயலார் வீட்டில் துன்பம் நேர்ந்தால் உதவி செய்ய ஓடுவது மனித இயல்பு. அத்துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க முற்படுவதும் மனித இயல்பே. முன்னதை அன்பு என்கிறோம். பின்னதை அறிவு என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுங்கூட. சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பேரலை எங்கள் கரையை அடைந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறித் தொடுக்கப்பெற்றது எங்கள் கடற்கரை. அலை அவற்றுள் எதையும் விலக்கிச் செல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை.

அகதி முகாமாக மாறிய பாடசாலை ஒன்றில் அப்பொழுது நாமும் சில வாரங்கள் தொண்டு செய்தோம். உணவுப் பொதிக்கு வரிசையில் நின்றோரின் செவியில் விழும்படியாகவே சிலர் காரணம் பேசினர். கடற்கரைக் களியாட்டங்களே காரணம் என்றார் ஒருவர். அம்மன் சடங்கில் நேர்ந்த குறை என்றார் மற்றொருவர். ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாருக்கு இழைத்த கொடுமையின் கூலி என்றும் சொல்லக் கேட்டோம். இரு சாராரும் அதனையே ஒருவரை ஒருவர் சுட்டிச் சொன்னதுதான் விந்தை!

அங்கே ஒரு முஸ்லிம் தாய் இருந்தாள். இரு குழந்தைகளை இரு கையிலும் பற்றியிருந்தவளிடமிருந்து ஒன்றை அலை பறித்துச் சென்றது. முதியவர் ஒருவர் அருகிருந்து, "சபூர் செய் மகள்" என்றார். அவள் சிறிது ஆறினாள். பின்பு வந்த ஒருவர், "அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஏன் கொண்டுபோனாய்?" என்றார். மறுநாள் வரை அவள் நீரும் பருகவில்லை.

எங்களுடன் பணிசெய்த கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர், நத்தார்ப் பலகாரம் வீட்டில் தீருமுன்னரே தம் தமையனைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், அத்தாயின் எஞ்சிய பெண்குழந்தைக்கு நாள்தோறும் தலைவாரிப் பின்னிவிடுவார். "ரீச்சர், உங்கள் வேதம் இதற்கு என்ன காரணம் சொல்கிறது?" என்று ஒருநாள் கேட்டோம். அவர் சீலோவாம் கோபுரத்தின் கதையைச் சொன்னார். எருசலேமில் அக்கோபுரம் சரிந்து பதினெண்மர் மாண்டனர். அவர்கள் ஊரிலுள்ள மற்றெல்லாரையும் விடப் பாவிகளோ என்று இயேசுவே வினவி, அல்லர் என்று தாமே விடையிறுத்தார். கேட்டு நின்றவர்களைத் தத்தம் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார்.

"தம்பி, காரணத்தை நானும் கடவுளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் சொல்லும் வரைக்கும் இந்தப் பிள்ளையின் தலையில் பேன் காத்திருக்குமா?" என்றார் அவர்.

இறைநம்பிக்கை பற்றி நாம் கேட்ட சொற்பொழிவுகள் பல. அவற்றுள் இதுவே மிகச் சிறியது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் பயின்றவர். ஒருவர் வேதத்தை மற்றவர் கேட்டறிவது இக்கரைக்குப் புதிதன்று. யோபுவின் துயரை முஸ்லிம்கள் அய்யூப் நபியின் வரலாறாக அறிவர். விவிலியத்தில் அவரைத் தேற்ற வந்த தோழர் மூவர் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது தரையில் உடனிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல தோழர்களே. பின்னர் வாய் திறந்து, அவர் செய்த தீமையே காரணம் என வாதிட்டனர். முடிவில் இறைவனின் சினம் அத்தோழர்மேலேயே சென்றது. அவர்களுக்காக மன்றாடியவரும் யோபுவே.

பெரியோரும் இதில் தப்பவில்லை. 1934 சனவரி 15இல் பீகாரைப் பூகம்பம் அழித்தபோது, அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனை என்றார் காந்தியடிகள். தீண்டாமையை வெறுப்பதில் அடிகளோடு ஒன்றுபட்ட தாகூர் இக்கூற்றை வெளிப்படையாக மறுத்தார். இடிபாட்டில் சிக்கியோருள் தாழ்த்தப்பட்டோரும் இருந்திருப்பரன்றோ? அடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' ஏட்டிலேயே வெளியிட்டார். ஆயினும் தம் கருத்தை விடவில்லை. மார்ச் மாதத்தில் பீகாருக்கே சென்று துயருற்றோரிடையே நடந்தார். அவருடைய விளக்கத்தினும் அந்த நடையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சைவராகிய எமக்கு வினைக்கொள்கை உண்டு. "என் வினை" என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லுங்கால் அது ஊன்றுகோல். "உன் வினை" என்று அயலானிடம் சொல்லுங்கால் அக்கோலே தடியாகிவிடுகிறது. சபூர் என்னும் சொல்லும் அத்தகையதே. அம்முதியவர் அதைச் சொன்னபோது தாமும் அழுதுகொண்டிருந்தார்.

தலைவாரப்பெற்ற அக்குழந்தை இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். பெருநாள்தோறும் அவ்வீட்டிலிருந்து வட்டிலப்பம் அவருக்குப் போகிறது. அவருடைய தமையனின் உடல் கிடைக்கவேயில்லை. அதுபற்றி அவ்வீட்டார் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.