அரளிப் புழு ஊர் சுற்றும் கதை

போன மாசம் கிளினிக்குக்கு ஒரு அம்மா பதறிப்போய் வந்தாங்க. இடுப்பில் மூணு வயசுப் பையன், கையில் டிபன் டப்பா. "சார், அரளிச் செடியில இருந்த புழுவ இவன் கையில புடிச்சு வெளாடிட்டு இருந்தாம். அரளி விஷம்லா? ஏறிருக்குமா?"

டப்பாவைத் திறந்தேன். விரல் தண்டிக்குப் பச்சைப் புழு. தலைக்குப் பின்னாடி நீலக் கண் மாதிரி ரெண்டு பொட்டு, வால் பக்கம் சின்னக் கொம்பு. ரோமமே கிடையாது. கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்காது, கொட்டாது.

நான் கேட்டது ஒண்ணுதான். "இலையை வாயில வச்சானா?" இல்லைன்னாங்க. ஆனாலும் நாடி பாத்தேன், ஈசிஜி எடுத்தேன். எல்லாம் நார்மல்.

இது அரளி ஹாக்மாத். 1758-ல் லின்னேயஸ் பேர் வச்ச அந்துப்பூச்சி. ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் வருஷம் பூரா இருக்கும். கோடையில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வட ஐரோப்பா வரைக்கும் பறந்துபோகும். ஆனா அங்க உள்ள குளிர்காலத்தைத் தாங்காது, அடுத்த கோடைக்குத் தெற்கிலிருந்து புதுசா வரணும். 1974-ல் ஹவாயில் கண்டுபிடிச்சாங்க, அங்கேயே தங்கிடுச்சு.

நம்ம தாமிரபரணிக் கரையில் அதுக்கு என்ன குறை? பனி கிடையாது. பாபநாசத்திலிருந்து ஆத்தோரம் வரிசையா கோயில், நந்தவனத்தில் அரளி, நந்தியாவட்டை. வீட்டு வாசலில் நித்தியகல்யாணி. மூணையும் திங்கும். போதாக்குறைக்கு நாற்கரச் சாலை போட்டவங்க நடுவுல மைல் கணக்கில் அரளி நட்டு வச்சிருக்காங்க. புழுவுக்குப் பந்தி!

எனக்குப் பிடிச்ச விஷயம் இனிமேதான். அரளி விஷம் நம்ம இதயச் செல்லில் இருக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்பை அடைக்கும். இதய நோயாளிக்கு நாங்க கொடுக்கிற டிகாக்ஸினும் அதே பம்பைத்தான் பிடிக்கும். அப்போ இந்தப் புழுவோட பம்பு வேற மாதிரி இருக்கும்னு நினைப்போம். இல்லை. ஆராய்ச்சியில் பார்த்தா அதுவும் விஷத்துக்கு நல்லாவே அடைபடுது. விஷத்தை பம்பு வரைக்கும் போகவிடாமத்தான் புழு தப்பிக்குது. உடம்பில் சேத்து வைக்கிறதும் இல்லை.

நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால அரளி இலையோ, மஞ்சள் அரளிக் காயோ பிள்ளை வாயில் போயிருந்தா, வாந்தி வரலையேன்னு வீட்டில் காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். ஈசிஜி மானிட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க.

பையன் டப்பாவைக் கையை விட்டு விடவே மாட்டேன்னுட்டான். திரும்பச் செடியில விட்டுட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி அனுப்பினேன்.