மூன்றாக மடித்த சேலை

கோடை பிறந்துவிட்டால் சாயங்காலச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். வேலூருக்கு மேலேயோ கீழேயோ திருத்தணி நிற்கும். இப்படி ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தைப்பது பொந்தை. பழைய சேலை வேட்டிகளை அடுக்கிக் கையால் நூலோட்டம் போட்ட விரிப்பு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற எங்கள் பக்கத்து வீடுகளில் அதற்கு அதுதான் பெயர்.

"வெந்து சாகுற ஊர்ல இவ்ளோ தடியா ஒரு போர்வையா, அத்தை?" என்று சென்னையிலிருந்து வந்த மருமகள் கேட்டாள்.

போர்த்திக்கொள்ள இல்லையம்மா, படுக்க என்றேன். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை சுடும். அதன்மேல் கோரைப்பாய், பாயின்மேல் பொந்தை. எட்டுப் பத்து மடிப்புப் பருத்தி வியர்வையை வாங்கிக்கொள்ளும். மடிப்புக்கு மடிப்பு காற்று நிற்பதால் தரைச் சூடு முதுகுக்கு ஏறாது. காலையில் கொடியில் போட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் ஈரம் போய்விடும். ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை வாங்கி உடம்புக்கே திருப்பித் தருகிற பொருள். மார்கழிப் பனிக்கு இதே பொந்தையைத் தூக்கி மேலே போர்த்திக்கொள்வோம். டிசம்பர் 31 ராத்திரி, 365 படிகளிலும் பூசை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே மலையேறுகிற படித்திருவிழாவுக்கு வரும் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் கம்பளி கேட்டதில்லை.

பொந்தைக்கு அளவு நாடா வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி. நாலு முழ வேட்டி மடிக்காமலே ஆறடி. எட்டு முழ வேட்டி இரண்டாக மடித்தால் ஆறடி. என் அவ்வா, அதாவது பாட்டி, கட்டியது பதினாறு முழச் சேலை. அதை நாலாக மடித்தால் அதுவும் ஆறடிக்கே வந்து நிற்கும். முழக் கணக்கில் நெய்த துணி எல்லாமே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு மடங்குகிறது. அகலம் சேலையின் அகலமேதான், நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் கத்தரிக்கோலுக்கு வேலை மிகக் குறைவு. முந்தானைச் சரிகையையும் அடியில் தைத்திருக்கும் ஃபால்ஸையும் பிளேடால் பிரித்து எடுத்துவிட வேண்டும். சரிகையை விட்டுவைத்தால் முதுகைப் பிறாண்டும். ஃபால்ஸை விட்டால் துவைக்கும்போது அது மட்டும் தனியாகச் சுருங்கிப் பொந்தையையே கோணலாக்கும்.

இரண்டு சேலையும் இரண்டு வேட்டியும் இருந்தால் ஒருவருக்கு ஆகிற பொந்தை ஒன்று தேறும். மேலுக்கும் கீழுக்கும் திடமான சேலை, வயிற்றுக்குள் வேட்டி. எடுத்த எடுப்பில் அடுக்கிவிட முடியாது. ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டினவள் யார் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். மாவாட்டுகிறவளுக்கு மடிப்பக்கம் நைந்திருக்கும், களை பறிக்கிறவளுக்கு முழங்கால், பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவளுக்குத் தோளில் பின் குத்துகிற இடம். ஒன்றின் ஓட்டைமேல் இன்னொன்றின் ஓட்டை வராதபடி தலைப்பைத் திருப்பித் திருப்பிப் போடுவேன். இந்த அடுக்கல்தான் பொந்தை. பிறகு வருகிற தையல், அதைக் கலையாமல் கட்டிவைக்கிற வேலை.

புதுத் துணியில் பொந்தை தைத்துத் தரச் சொல்லி அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். புதுப் பருத்தியில் ஊசி முரண்டு பிடிக்கும். முதல் துவையலில் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கி நடுவில் குமிழ் குமிழாக உப்பிக்கொள்ளும். பத்து வருஷம் கட்டித் துவைத்துக் காய்ந்த சேலை சுருங்க வேண்டியதை எல்லாம் சுருங்கி முடித்திருக்கும், போக வேண்டிய சாயமும் போயிருக்கும். காவடி எடுக்கிறவர்கள் கட்டுகிற மஞ்சள் துணியை மட்டும் எத்தனை வருஷமானாலும் நம்புவதற்கில்லை.

நடுத்துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சம் வராததற்கு 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டமும் ஒரு காரணம். ரேஷன் கடையில் வாங்கி வந்த வேட்டியை ஆண்கள் கட்டுகிறார்களோ இல்லையோ, வீட்டுப் பெண்கள் அதற்கு வேலை வைத்துவிடுவார்கள். பங்குனி வெயிலில் கூழ்வடகம் ஊற்றுவது அதன்மேல்தான். வைகாசியில் ஆவக்காய்க்கு வெட்டின மாங்காயின் ஈரம் துடைப்பதும் அதில்தான். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாகச் சில வருஷம் அடுக்களையில் உழைத்தபிறகு பொந்தைக்கு வரும்.

அப்படி வருகிற வேட்டியில் கஞ்சி ஊறிப் போயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. வடகக் கூழும் ஒரு கஞ்சிதானே. கஞ்சி மிச்சமிருந்தால் ராமபாணப் பூச்சி வரும், பின்னாலேயே எலியும் வரும். வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் கல்லில் அடித்து அலச வேண்டும். அலசின தண்ணீர் கையில் வழவழக்காமல் போகும்வரை விடாதீர்கள். தைத்து முடித்த பொந்தையைப் பெட்டியில் வைக்கும்போது மடிப்புக்கு நடுவே காய்ந்த வேப்பிலை போடுவோம்.

நூல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கண்டில் வருகிற பாலியஸ்டர் நூல் அறாது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அது அறாது, துணியை அறுக்கும். நைந்த பருத்தியை நைந்த பருத்தியோடு சேர்க்கிற நூலும் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். திருத்தணிக்கு மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று நெசவு ஊர்கள் இருக்கின்றன. பாவு முடிந்ததும் தறியில் கொஞ்சம் நூல் மிஞ்சும். அவ்வா காலத்தில் அதைக் கேட்டு வாங்கி, மூன்று நாலு இழை சேர்த்துத் தொடையில் திரித்துக்கொள்வார்கள். இப்போதும் தெரிந்த வீடுகளில் கேட்டால் தருகிறார்கள். விசைத்தறியில் ஓடுவது பருத்திதானா என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தைக்கத் தரை வேண்டும். சட்டம் இல்லை, மேஜை இல்லை. துணியை விரித்து நாலு மூலைக்கும் அம்மிக் குழவி, செங்கல், கையில் கிடைத்ததை வைத்து இழுத்துப் பிடித்து, ஓரத்தைச் சுற்றி நீளத் தையலாக ஒன்று ஓட்டிவிட வேண்டும். பாயின்மேல் வைத்துத் தைத்தால் பாயும் சேர்ந்து எழுந்து வரும். புதிதாகத் தைக்க வருகிற எல்லாப் பெண்களும் முதல் நாள் இதைச் செய்து மற்றவர்களைச் சிரிக்க வைப்பார்கள். ஊசி கோணி ஊசியைவிடச் சின்னது, சட்டை ஊசியைவிடப் பெரியது. ஒரு கை அடியில் போகவே கூடாது. ஊசி முனையைத் தரையில் லேசாகத் தட்டி, தட்டின இடத்திலேயே சாய்த்து மேலே எடுக்க வேண்டும். தட்டுகிற சத்தம் கேட்டால் எல்லா மடிப்பும் ஊசியில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லை என்றால் அடிச் சேலை தப்பித்துவிட்டது, பிரித்துவிட்டுத் தைக்க வேண்டியதுதான். வரிக்கும் வரிக்கும் ஒரு விரற்கடை இடைவெளி. ஓரத்தில் தொடங்கி, கட்டத்துக்குள் கட்டமாக நடுவை நோக்கிப் போவோம். தைக்கிறவள் பொந்தையின்மேலேயே உட்கார்ந்துகொள்வதால் அவள் எடையே மடிப்புகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஒல்லியான பெண்களை மூலைக்கு அனுப்பிவிடுவார் எங்கள் பெரியம்மா.

தையல் காலம் மாசியும் பங்குனியும். அதற்கு முன்னால் கை ஒழியாது. மார்கழி, தை இரண்டு மாதமும் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்குவதிலேயே மத்தியானம் போய்விடும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் இல்லாமல் எங்கள் பக்கம் தை மாதம் கழிவதில்லை. நுங்கு வரும்போது தையல் தளரும். கிளிமூக்கு மாங்காய் நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியதும் நின்றே போகும். ஊசி குத்தின விரலால் ஆவக்காய் மிளகாய்த்தூளைக் கலந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

வீட்டில் எத்தனை பொந்தை இருக்கிறது என்று கணக்குத் தெரிவது ஆடிக் கிருத்திகையில். சித்தூர், வேலூர், சென்னை என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் காவடியோடு வந்து இறங்குவார்கள். மலைமேல் தரிசனம், அடிவாரத்தில் மூன்று நாள் தெப்பம், வீட்டில் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, வெங்காயம். ராத்திரி கூடத்திலிருந்து திண்ணை வரைக்கும் வரிசையாகப் பொந்தை விரிப்போம். அவரவருக்கு அவரவர் பழைய இடம். "இது என் சீமந்தத்துக்குக் கட்டின சேலை இல்ல?" என்று ஒருத்தி விளக்கைப் போடுவாள். தூங்குகிறவர்கள் திட்டுவார்கள். எந்த மடிப்பு யாருடையது என்ற வழக்கு விடியும்வரை ஓடும்.

எங்கள் சொந்தம் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தைப் பற்றிப் பேச எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு ராத்திரி போதாது. பெண்கள் எல்லையிலிருக்கும் பொன்பாடியைத் தாண்டிப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். வந்தவளும் போனவளும் கட்டின சேலைகள் கடைசியில் ஒரே பொந்தைக்குள் வந்து படுத்தன.

இறந்தவர் சேலையை வைக்கலாமா என்று கேட்பார்கள். கடைசியாக உடுத்தினது போய்விட வேண்டும், பெட்டியில் மடித்து வைத்திருந்தது தங்கலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் வேறு மாதிரி இருக்கலாம், நான் வாதாட மாட்டேன். பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் என்பது மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது. தாத்தாவின் வேட்டியும் பாட்டியின் சேலையும் சேர்த்து முழத்துக்கு முழம் சின்னப் பொந்தைகள் நாலைந்து தைத்துவிடுவோம். நனைக்க நனைக்க மாற்ற வேண்டுமே. அந்த வேலைக்கு அவற்றை மிஞ்சிய துணி கிடையாது.

இந்த மாதிரிக் கைவேலை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கர்நாடகத்தில் யெல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி மக்கள் கவந்தி தைக்கிறார்கள். அவர்களும் ஓரத்தில் தொடங்கி நடுவுக்குப் போகிறவர்கள்தான். நாலு மூலையிலும் முக்கோணத் துணி வைத்து அதைப் பூ என்கிறார்கள். வங்காளத்து நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளான கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளில் தைத்தவற்றை 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அவை தபால்தலையிலும் வந்தன. எங்கள் பொந்தையில் பூ இல்லை, உருவம் இல்லை, நேர்க்கோட்டுத் தையலைத் தவிரக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அது சுவருக்குப் போகாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். கட்டிலும் மெத்தையும் வந்து பொந்தையை ஒழித்துவிட்டன என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. மெத்தை இருக்கிற வீட்டிலும் கோடைக்குப் பொந்தை கேட்கிறார்கள், குழந்தை பிறந்தால் தேடி வருகிறார்கள். அவர்களிடம் பழஞ்சேலை கொண்டு வாருங்கள் என்றால் ஒரு கட்டு வருகிறது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலியஸ்டர். இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது, சீக்கிரம் காயும் என்று வாங்கினது. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பெண்ணை அதற்காகக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் துணி நைவதே இல்லை. வியர்வையை வாங்காது, வழுக்கும், ஊசி போட்ட இடத்தில் இழை பிரிந்து வாய் பிளக்கும். தைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறோம். தைக்கிறதற்குப் பழந்துணிதான் அற்றுப்போகிறது.

இருக்கிற கொஞ்சம் பருத்தியும் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, தெருவில் வருகிற பாத்திரக்காரர். பத்துச் சேலைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. இன்னொன்று போகி. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்கிறது. பருத்தியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கட்சி. போகிக்கு முந்தின நாள் ராத்திரி அவ்வா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தீக்குப் போகவிருந்த மூட்டையிலிருந்து நல்லதை உருவிவிடுவார். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன்.

நீங்களும் வருகிற போகிக்கு முன்னால் பரணில் இருக்கும் மூட்டையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எது பருத்தி என்று தெரியாவிட்டால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் எடுத்து வையுங்கள். உருகிக் கறுப்பு உருண்டையாக இறுகினால் பாத்திரக்காரரையே கூப்பிடுங்கள்.